மானியக் கோரிக்கை எண் 42: பள்ளிக் கட்டடம் கேட்டு அலைந்த அனுபவம்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்ட நிர்வாக அனுமதி வந்துவிட்டது. ஆணையின் நகலைக் கையில் வாங்கிய பிறகும், அதற்காகப் பட்ட அலைச்சலை நினைத்தால் வயிறு எரிகிறது. டெல்டாவில் இதே நிலையில் இருக்கும் ஊர்களின் பெற்றோர் ஒரு நடையாவது மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய ஓட்டுக் கட்டடம் 2018 நவம்பரில் கஜா புயலில் பாதி ஓட்டை இழந்தது. ஏதோ சரிசெய்து காலத்தை ஓட்டினோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, ஆபத்தான கட்டடங்களை அகற்ற உத்தரவு வந்தது, எங்களுடையதையும் இடித்தார்கள். இடிப்பதற்கு இருந்த அவசரம் கட்டுவதற்கு இல்லை. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் மிஞ்சிய ஒரே அறையிலும் மாரியம்மன் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்தார்கள். ஐப்பசி அடைமழையில் மண்டபத்துக்குள் சாரல் அடித்தால் அன்றைய பாடம் அதோடு சரி. 2004-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. பள்ளிக் கூரை என்ற பேச்சு வந்தாலே எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு அடிவயிறு கலங்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். தலைவி என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன். தலைமை ஆசிரியை, "கல்வி அலுவலகத்தில்தானே கொடுக்க வேண்டும்" என்றார். அங்கேயும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் வினை. வாங்கிய மனுவை யாருக்கும் அனுப்பாமல் கட்டுக்குள் வைத்துவிட்டு, போகும்போதெல்லாம் ஒரே பதிலைச் சொன்னார் அங்கிருந்த எழுத்தர்: "மத்திய அரசு பணம் தரவில்லை அம்மா, எல்லாமே நின்று கிடக்கிறது."

பணம் தராதது உண்மைதான். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ-யின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் அது சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான பணம். எங்கள் கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாற்காலியில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தவர், ஒன்றிய அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா. "சட்டமன்றம் கல்விக்கு என்று ஒரே மூட்டையாகப் பணம் தருவதில்லை அம்மா" என்று தொடங்கினார். நிதிநிலை அறிக்கை படிக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் கோரிக்கை, வரும். பள்ளிக் கல்விக்கு எண் 43. 2025-26-இல் அந்தத் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கே போய்விடும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர் கல்வித் துறையைச் சேர்ந்தவர், கட்டடமோ ஒன்றியத்தின் சொத்து. அதற்கான பணம் ஊரக வளர்ச்சித் துறை வழியாக, கோரிக்கை எண் 42-இல் வருகிறது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒன்றியப் பள்ளிகளுக்குக் கட்டும் வகுப்பறைகளும் இந்த வழியில்தான். கோரிக்கைகள் வாக்கெடுப்பில் நிறைவேறி, நிதி ஒதுக்கச் சட்டமும் வந்த பிறகே கருவூலத்திலிருந்து பணத்தை எடுக்க முடியும். அதன்பின் அரசாணை, மாவட்டத்துக்குப் பங்கு, ஒன்றியத்துக்குப் பட்டியல். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், சென்னையில் எத்தனை கோடி ஒதுக்கினாலும் நம் ஊருக்கு ஒரு செங்கல் வராது.

ஆகவே முதலில் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். 'ஊராட்சி ஒன்றிய' என்று இருந்தால் மனு போக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலர். நகலை மட்டும் கல்வி அலுவலகத்துக்குக் கொடுங்கள். இரண்டுக்கும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

ஒன்றிய அலுவலகத்திலும் எளிதில் முடியவில்லை. "உங்கள் பள்ளியில் அறைப் பற்றாக்குறையே இல்லையே" என்றார்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. ஒவ்வொரு பள்ளியின் விவரத்தையும் அரசு பதிந்து வைக்கும் யூடைஸ் என்ற கணினிப் பதிவின் அச்சுப் பிரதியில், 'வகுப்பறைகள் 3, நிலை: நன்று' என்று இருந்தது. இடித்த கட்டடத்தின் இரண்டு அறைகளும் அதில் அப்படியே நின்றுகொண்டிருந்தன! புல் முளைத்த அஸ்திவாரத்தின் மேல் எங்கள் பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்து, இடிப்பு உத்தரவின் நகலோடு இணைத்துக் கொடுத்த பிறகுதான் பதிவு திருத்தப்பட்டது. உங்கள் பள்ளியின் யூடைஸ் விவரத்தை இன்றே தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இதைவிட முக்கியமான வேலை வேறு இல்லை.

அடுத்த தடை மதிப்பீடு. தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் இருக்கிறது என்று சட்டமன்ற உறுப்பினரிடமும் போனோம். அவர் மரியாதையாகப் பேசினார், ஆனால் பொறியாளரின் மதிப்பீடு இல்லாமல் பரிந்துரைக்க முடியாது என்றார். எங்கள் நிலம் களிமண். அஸ்திவாரச் செலவு கூடும். மற்ற ஊர்களுக்குப் போட்ட தொகையையே இங்கும் போட்டால் எந்த ஒப்பந்ததாரரும் வரமாட்டார் என்று சித்தப்பா எச்சரித்திருந்தார். ஓவர்சியர் அளக்க வந்த அன்று நாங்கள் பெண்கள் எல்லோரும் கூட இருந்து, குழி தோண்டி மண்ணைக் காட்டினோம். அவர் முகம் சுளித்தாலும் தொகையைத் திருத்தி எழுதினார். அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

இன்னொன்று, மழைக்காலத்தில் எங்கள் பாதையில் மணல் லாரி வராது. செலவழிக்காத ஒதுக்கீடோ மார்ச் 31-இல் காலாவதியாகிவிடும். ஆகவே சட்டமன்றத்தில் துறைவாரி விவாதம் நடக்கும்போதே மதிப்பீடு மேலே போயிருக்க வேண்டும். ஆடியில் போய்க் கேட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் சேர்த்துக் கொடுத்தது எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் "தனிப்பட்ட மனு" என்று ஒதுக்கவில்லை.

இனி ஒப்பந்தப்புள்ளி திறக்க வேண்டும். அன்று குழு உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றிய அலுவலகத்தில் இருப்போம்.