ஒரு டொமைனை விற்க ஒரு மாதம்

டொமைன் பெயர் (இணையதள முகவரி) வாங்கி விற்பதில் காசு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் 23 பெயர்கள் இருந்தன, 5 வருடத்தில் விலை போனது ஒன்றுதான். அதைக் கைமாற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

மலேசியாவின் பினாங்கோடு ஒரு பலகாரத்தின் பெயரும் சேர்ந்த டாட் காம் அது. முந்தைய உரிமையாளர் புதுப்பிக்காமல் விட்டதால், 30 நாள் மீட்புக் காலமும் அழிப்புக்கான 5 நாளும் கழிந்து வெளியே வந்தது. 2019இல் ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) பிடித்தேன். அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மதிய இடைவேளையில் பதிந்ததால் கையோடு தொழிற்சாலை மின்னஞ்சலையே கொடுத்துத் தொலைத்தேன். 2022இல் வேலையை விட்டேன். கார்டில் புதுப்பிப்புப் பணம் தானாகப் போய்க்கொண்டிருந்ததால் அந்த முகவரியின் நினைவே இல்லை.

2024 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி வந்த கால்வலி தீரும் முன், லெபோ பாசாரில் பலகாரக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். 2,800 வெள்ளிக்குப் பேசி முடித்தோம். சித்திரைப் புத்தாண்டுக்குள் இணையக் கடை திறக்க வேண்டுமாம்.

பெயரை அவருக்குக் கொடுக்க, டொமைன்களைப் பதிந்து தரும் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற ரகசியக் குறியீடு வேண்டும். கேட்டேன், பழைய மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புவார்களாம். சரி, முகவரியை மாற்றிவிடலாம் என்றால், அதற்கும் பழைய முகவரியிலிருந்து ஒப்புதல் வேண்டுமாம். பிறையிலிருந்து பாலம் கடந்து தொழிற்சாலைக்கே போனேன். காவலர் அறையில் முக்கால் மணி நேரம். கடைசியில் வந்த ஆள், "கணக்கை எப்பவோ அழிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

மிச்சம் இருந்த வழி, அடையாள அட்டையை அனுப்பிப் பதிவு நிறுவனத்திடம் கெஞ்சுவது. அங்கே இன்னொரு கூத்து. டொமைனில் என் பெயர் மட்டும் இருந்தது. அட்டையில் அப்பா பெயரும் நடுவில் 'ஏ/எல்'லும் இருக்கிறதே. பெயர் பொருந்தவில்லை என்று மூன்று முறை திருப்பினார்கள். 'ஏ/எல்' எந்த மாநிலம் என்று கேட்டார் இணைய அரட்டையில் இருந்த நிறுவன ஊழியர். அது 'இன்னாரின் மகன்' என்று பாஸ்போர்ட், வங்கி அறிக்கை எல்லாம் காட்டி நிரூபித்தேன். ஒருவழியாக பிப்ரவரி 16 அன்று முகவரி மாறியது.

மாற்றிய கையோடு 60 நாள் பூட்டு விழுந்தது! பதிவுதாரரின் மின்னஞ்சல் மாறினாலே உரிமையாளர் மாறியதாகக் கணக்கு. வேறு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாது. மாற்றுவதற்கு முன்பே 'பூட்டு வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கலாம். அந்தக் கட்டம் கண்ணிலேயே படவில்லை. ஏப்ரல் 16 வரை பூட்டு, சித்திரை முதல் நாளோ ஏப்ரல் 14.

இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: பூட்டு நிறுவனம் விட்டு நிறுவனம் போவதற்குத்தானே? அண்ணனும் அதே நிறுவனத்தில் கணக்குத் திறந்தால், உள்ளுக்குள்ளேயே தள்ளிவிடலாம். கேட்டுப் பார்த்தேன், தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். (இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்னவாம்!)

அடுத்தது பணம். முதலில் பெயர் என்றார் அவர், முதலில் பணம் என்றேன் நான். நடுவில் பணத்தைப் பிடித்துவைத்துக் கொடுக்கும் எஸ்க்ரோ சேவைக்குக் கட்டணம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. தெரியாத ஆளாக இருந்தால் அந்தக் கட்டணத்தை நானே கட்டியிருப்பேன். இவர் கடை தெரிந்த கடை. அதனால் பக்கத்துத் தே தாரிக் கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். முன்பணமாகப் பாதியை டுயிட்நவ் பணப்பரிமாற்றத்தில் அனுப்பினார். நான் தள்ளினேன். அவர் கைப்பேசியில் 'ஏற்கிறேன்' பட்டன் வர நாலு நிமிடம். தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது. அழுத்தினார், பெயர் அவர் கணக்கில் நின்றது. மீதிப் பணம் வந்து என் கைப்பேசி 'டிங்' என்றது.

அன்று இரவே மற்ற 22 பெயர்களின் மின்னஞ்சலையும் திறந்து பார்த்தேன். நாலில் அதே தொழிற்சாலை முகவரி.