அது மருந்து என்று சொன்னேன்

நான் அன்று சொன்னது இரண்டே சொல். "ஓஷுத், மாஷிமா." மருந்து, பெரியம்மா. வங்காளத்திலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளிடம் என்ன சாப்பிட வேண்டும் என்று பேசிப் பேசி எனக்குப் படிந்த சில சொற்களில் அவையும் உண்டு. உச்சரிப்பில்கூடப் பிழையில்லை. இத்தனை வருடம் கழித்தும், டயாலிசிஸ் யூனிட்டுக்குள் நுழையும்போது சில நாள் அந்த இரண்டு சொல்லும் எனக்கு முன்னால் போய் நிற்கின்றன.

அந்த அம்மா கேட்டது இது: "இதில் ஆமிஷ் இல்லையே, மா?"

கையில் டம்ளர். அதில் புரதப் பொடி கலந்த வெதுவெதுப்பான நீர். எனக்குப் பின்னால் அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

ஆமிஷ் என்பதை அசைவம் என்று நாம் சட்டென்று மொழிபெயர்த்துவிடுவோம். முதல் வருடத்தில் நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அது போதாது. மேல்சாதி வங்காளி இந்துக் குடும்பங்களில் விதவைகளுக்கு ஒதுக்கப்பட்ட ஆமிஷில் மீன், கறி, முட்டையோடு வெங்காயமும் பூண்டும் வரும். மைசூர் பருப்பும் வரும். பருப்பு எப்படி ஆமிஷ் ஆகும் என்று நான் ஒருமுறை கேட்டபோது, அந்த அம்மா, "சிவப்பு" என்று மட்டும் சொன்னார். சோறு ஒரு வேளைதான், அதுவும் பச்சரிசிச் சோறு. ஏகாதசியன்று தண்ணீரும் கிடையாது. மீன் அங்கே பிராமணர் வீட்டிலும் உண்டு. கல்யாணச் சீரோடு ரோகு மீனுக்குப் பெண் மாதிரி அலங்காரம் செய்து அனுப்புவார்கள். மீனும் சோறும்தான் வங்காளி என்று அவர்களுக்கு ஒரு பழமொழியே இருக்கிறது. அந்த மீன், புருஷன் செத்த அன்றைக்குத் தட்டை விட்டுப் போய்விடும்.

இவருக்கு அது முப்பத்தொன்றாவது வயதில் போயிருந்தது. எங்களிடம் வந்தபோது வயது அறுபத்து மூன்று. கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அது பயன்படுத்தும் நிலைக்கு வரும்வரை இங்கேயே தங்கி வாரம் மூன்று டயாலிசிஸ். எடை 47 கிலோ. ரத்தத்தில் இருக்கும் புரதமான ஆல்புமின் 2.9, குறைவு. டயாலிசிஸில் இருப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். இவருக்கு ஐம்பது கிராமாவது போயாக வேண்டும். முந்தைய நாள் சாப்பிட்டதை எல்லாம் கேட்டு எழுதிக் கூட்டினால் முப்பதைத் தாண்டவில்லை.

பருப்பைக் கூட்டு, பனீரைக் கூட்டு, பாலைக் கூட்டு என்று சாதாரண நோயாளிக்குச் சொல்லிவிடலாம். சிறுநீரகம் போனவருக்கு அதில் எல்லாம் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சேர்ந்து வரும். அதனால்தான் நாங்கள் முட்டையின் வெள்ளைக் கருவை விடாமல் பிடித்துக்கொள்கிறோம். ஒரு முட்டை வெள்ளையில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் பெயருக்குத்தான். மலிவு. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு உறுதி வந்துவிடும். அந்த அம்மாவிடம் சொன்னபோதும் வந்தது. அவர் சிரித்தார், அவ்வளவுதான். மறுக்கக்கூட இல்லை. மறுக்கும் அளவுக்கு அது ஒரு விஷயமாகவே அவருக்குத் தெரியவில்லை.

மகன்தான் பிறகு என் அறைக்கு வந்தார். மோர்ப்புரதத்தில் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்) செய்த, சிறுநீரக நோயாளிகளுக்கான பொடி இருக்கிறது, அதில் முட்டை இல்லை என்று சொன்னேன். விலையைக் கேட்டார். முட்டை வெள்ளைக் கருவில் செய்த பொடியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். லாட்ஜ் வாடகை, டயாலிசிஸ் பில், ஊரில் பூட்டிவிட்டு வந்த கடை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திதி (அக்கா), அம்மாவிடம் முட்டை என்று சொல்லாதீர்கள். சொன்னால் தொடமாட்டார். தொடாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

டின்னில் பழுப்புக் குறி இருக்கும். முட்டை இருந்தாலே நம் நாட்டில் அந்தக் குறி போட வேண்டும். பொடியை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். நான், "நானாகச் சொல்லமாட்டேன். அவர் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்றேன். அந்தப் பதில் எனக்கு அன்று ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் நியாயமாக இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மதியம் சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் அவர் கேட்டுவிட்டார். நான் அது ஓஷுத் என்றேன். அவர் டம்ளரை நெற்றியில் ஒற்றிக் குடித்தார்.

அது பொய்தானா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். டாக்டர் எழுதிய சீட்டில் அந்தப் பொடி இருந்தது. அளவு, வேளை எல்லாம் போட்டிருந்தது. மருந்துக் கடையில்தான் வாங்கினார்கள். விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று பட்டியல் போடும் பழைய சுலோகம் ஒன்று உண்டு. தண்ணீர், கிழங்கு, பழம், பால் என்று போகும் அந்த எட்டில் கடைசியாக மருந்தும் வரும். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்று ஒரு நிம்மதி வந்தது உண்மை. ஆனால் அந்தச் சுலோகத்தை நான் தேடிப் போனதே நிம்மதிக்காகத்தான். மருந்து என்று அது சொல்வது மறைத்துக் கொடுத்த முட்டையைச் சேர்த்துத்தானா என்று அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். அதற்கு முதலில் நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. டயாலிசிஸ் ஓடும்போது குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம். ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. வாரம் மூன்று முறை அது அவர் ரத்தத்துக்குள் போனது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. என்னைச் சொல்லச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. மருந்து அடைத்து வரும் கேப்சூல் கூட்டின் ஜெலட்டினும் மிருகங்களின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும்தான் வருகிறது. இதற்கெல்லாம் அசையாத என் மனது ஒரு டம்ளர் முட்டை வெள்ளைக்கு மட்டும் ஏன் அசைகிறது? எண்ணிப் பார்த்தால் ஒரே காரணம்தான் தோன்றுகிறது. ஹெப்பாரினைப் பற்றி அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

அந்த வழக்கத்தின் மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் தாத்தா செத்த பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் கறிச்சோறு போட்டுத்தான் துக்கத்தை முடித்தார்கள். அப்பத்தாவின் இலையிலும் கறி விழுந்தது. வெள்ளைச் சேலை வந்தது, பூவும் பொட்டும் போனது, அதெல்லாம் நடந்தது. நாக்கை மட்டும் யாரும் கட்டவில்லை. அப்பத்தா சாகிறவரைக்கும் அயிரை மீன் குழம்பு என்றால் இன்னொரு கரண்டி சோறு கேட்பார். ஒரே சாவு. எங்களுக்கு அது கறியில் முடிகிறது, அவர்களுக்கு மீன் இல்லாத முப்பத்திரண்டு வருடமாகத் தொடங்குகிறது. 1856-இல் வித்யாசாகர் போராடி விதவை மறுமணச் சட்டம் வந்தது அந்த மண்ணில்தான். சட்டத்தால் அடுப்பங்கரைக்குள் போக முடியவில்லை.

நம்மிடம் இது இல்லவே இல்லை என்று பேசவும் முடியாது. நம் ஊர் அக்கிரகாரங்களில் ஒரு வேளைச் சோறும் ராத்திரிப் பலகாரமுமாகக் காலம் தள்ளிய பாட்டிகள் இருந்தார்கள். அதற்கு வெகு முன்னால் புறநானூற்றிலேயே பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, நெய் படாத பிழிந்த சோற்றையும் எள் துவையலையும் புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரையையும் தின்று கிடக்கும் கைம்பெண் நான் இல்லை என்று சொல்லித் தீயை நோக்கிப் போகிறாள். அந்தச் சாப்பாட்டை விடத் தீ மேல் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. இதெல்லாம் மனதில் இருந்தது. உன்மேல் திணித்த வழக்கம்தானே, அதை உனக்குத் தெரியாமல் உடைத்தால் உனக்கு நல்லதுதானே என்றுதான் எனக்குள் ஓடியிருக்கிறது.

ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் நான் பார்த்தது வேறு. டயாலிசிஸ் நோயாளிகளோடு எங்களுக்கு இருக்கும் பெரிய மல்லுக்கட்டு தண்ணீர்தான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் நிறுத்து என்றால் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் முடியாது, அது அவ்வளவு கொடிய தாகம். இந்த அம்மாவுக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் தேங்கும் நீரால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை ஏறியதே இல்லை. எப்படி என்று கேட்டேன். "மாதத்துக்கு இரண்டு ஏகாதசி, மா. முப்பது வருடப் பழக்கம்" என்றார். அந்த யூனிட்டில் எங்கள் பேச்சை முழுதாகக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான். காப்பாற்ற வைத்தது நான் கோபப்பட்ட அதே வழக்கம். (டயாலிசிஸில் இருப்பவர் தண்ணீரே குடிக்காமல் இருப்பது நல்லதென்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏகாதசியன்று மருந்துக்குக் கொஞ்சம் நீர் குடிக்க அவரைச் சம்மதிக்க வைத்தோம்.)

காய்களில் பொட்டாசியத்தைக் குறைக்க, பொடியாக நறுக்கி நிறைய நீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டச் சொல்வோம். வாழைப்பூவுக்கு அவர் வீட்டில் அதைத்தான் செய்கிறார்கள். நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்ட நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். முதலில் கசப்பாக ஷுக்தோ, பிறகுதான் மற்றது என்று சாப்பாட்டுக்கு ஒரு வரிசை. வெங்காயம் பூண்டு இல்லாமல் இஞ்சி, சீரகம், பெருங்காயத்தை வைத்தே, மீன் சாப்பிடுகிறவன் கை நனைக்கிற மாதிரி சமைக்கத் தெரியும் என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு கம்பீரம் இருந்தது. திணித்த ஒன்றை எடுத்து அவர் தனக்கென்று ஒரு சமையலறை கட்டியிருந்தார். கூட்டுக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத ஒரே இடம் அதுவாக இருந்திருக்கலாம். அதனால் அந்த வழக்கம் நல்லதாகிவிடாது. என் கோபமும் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது என்னுடைய கோபம். அதைக் காரணமாக வைத்து அவர் டம்ளரில் எதையும் கலக்க எனக்கு உரிமை இருந்ததா?

பத்து வாரத்தில் ஆல்புமின் 3.4. டாக்டர் என்னைப் பாராட்டினார்.

என்னை இன்னமும் குடைவது சொன்ன பொய்கூட இல்லை. எங்கள் மருத்துவமனையில் பணம் இல்லாதவர்களுக்கு உதவ ஒரு நிதி இருந்தது. மோர்ப்புரதப் பொடிக்கு அதில் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கலாம். இரண்டு பக்கம் எழுத வேண்டும், மூன்று கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு வாரம் அலைய வேண்டும். கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த மாதம் எனக்கு இரண்டு வார்டு கூடுதல். இதுவும் உண்மைதான். உண்மைகளை வரிசையாக அடுக்கினாலும் நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கக்கூட இல்லை என்பது அப்படியே நிற்கிறது.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு, நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பதை அவரிடம் மறைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒரு பெண் கேட்டாள், "சொன்னதால் அவர் சாப்பிடாமல் செத்துப்போனால், மேடம்?" நான் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். "அது கிடைக்கவில்லை என்றால்?" என்றாள். நல்ல கேள்வி என்றேன். அந்த அம்மா இன்று திரும்ப வந்து, மோர்ப்புரதத்துக்கு வழியே இல்லாமல் என் முன்னால் உட்கார்ந்து அதையே கேட்டால், நான் வேறு பதில் சொல்வேன் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவர் என்னைப் பார்க்க வந்தார். லாட்ஜ் அடுப்பில் அவரே வாழைப்பூ சமைத்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வந்திருந்தார். திறப்பதற்கு முன்னால் கையால் மூடியை அழுத்திக்கொண்டு, நான் சாப்பிடாதது ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். இருந்தாலும் ஒவ்வொரு விரலாக மடக்கி அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று சொன்னார். வாழைப்பூ, தேங்காய், இஞ்சி, சீரகம், பிரிஞ்சி இலை, கொஞ்சம் நெய், ஒரு சிட்டிகை சர்க்கரை. உருளைக்கிழங்கு போட வேண்டியது, பொட்டாசியம் என்று நான் சொன்னதால் போடவில்லை. வேறு எதுவும் இல்லை, மா, என்றார்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தேன். என் தலையில் கை வைத்துவிட்டு, மகனிடம் ஊருக்கு ஓஷுத் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார். வாங்கியாகிவிட்டது என்றார் அவர். நான் ஒன்றும் பேசவில்லை.