ஜன்னல் மாத்தப் போறீங்களா, முதல்ல அந்த இடுக்கைப் பாருங்க

குளிர் ஊர்ல ஜன்னல் மாத்தப் போறேன்னு யாராவது சொன்னா எல்லாரும் கேக்கறது எந்த பிராண்டு, டபுள் பேனா (ரெண்டு கண்ணாடி) ட்ரிபிள் பேனா (மூணு கண்ணாடி)ன்னுதான். நான் கேக்கறது வேற. ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி இருக்குமே, அதை உங்க இன்ஸ்டாலர் என்ன பண்ணப் போறார்? இதுக்கு பதில் தெரியாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. எவ்ளோ ஒசத்தி கண்ணாடி போட்டாலும் அந்த இடுக்கு வழியா காத்து வந்துச்சுன்னா வின்டர் பூரா ஜன்னல் பக்கத்துல உக்கார முடியாது.

சரி, கண்ணாடியும் முக்கியம்தான். பாக்க வேண்டிய நம்பர் யு வேல்யூ, அதாவது ஜன்னல் வழியா எவ்ளோ சூடு வெளிய போகுதுங்கற அளவு, குறைய குறைய நல்லது. மெட்ரிக் யூனிட்ல, கோட்டிங் இல்லாத சாதா டபுள் பேன் 2.8 கிட்ட நிக்கும், சூட்டைத் திருப்பி அனுப்புற லோ-ஈங்கற மெல்லிசு கோட்டிங்கும் கண்ணாடிகளுக்கு நடுவுல அடைக்கிற ஆர்கான் கேஸும் சேந்தா கிட்டத்தட்ட பாதியா குறையும், நல்ல ட்ரிபிள் பேன் 1க்கு கீழகூட போகும். பேஸிவ் ஹவுஸ்னு ரொம்ப கம்மி எனர்ஜியில ஓடுற வீடுகளுக்கு ஒரு தரம் இருக்கு, அவங்க மத்திய ஐரோப்பா மாதிரி குளிர் இடங்களுக்கு கேக்கறது 0.8. லேபிள்ல 0.25ன்னு போட்டிருந்தா அசந்துடாதீங்க, அது அமெரிக்க யூனிட், 5.68ஆல பெருக்கினா 1.4 வரும். இன்னொரு விஷயம், சில பேர் கண்ணாடியோட நடுப்பகுதி நம்பரை மட்டும் காட்டுவாங்க, ஃப்ரேமும் ஓரமும் சேந்த முழு ஜன்னல் நம்பர் அதை விட மோசமாதான் இருக்கும், அதையே கேளுங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஓரத்துல வர்ற ஸ்பேசர் அலுமினியமா இருந்தா அந்த ஓரம் சில்லுன்னு ஆகி தண்ணி கோத்துக்கும், சூட்டை அவ்வளவா கடத்தாத வார்ம் எட்ஜ் ஸ்பேசர்னு கேட்டு வாங்குங்க.

வெயில் கணக்கும் இருக்கு. வட அரைக்கோளத்துல தெற்குப் பக்க ஜன்னல் வழியா வின்டர்ல வர்ற வெயில் சும்மா கிடைக்கிற சூடு. ஆனா நிறைய சேல்ஸ்காரங்க நாலு பக்கத்துக்கும் வெயிலைத் தடுக்கிற ஒரே கண்ணாடியைத் தள்ளி விட்டுடறாங்க. தெற்குக்கு மட்டும் வெயிலை உள்ள விடுற லோ-ஈ வேணும்னு சொல்லிப் பாருங்க, அதுக்கு அவர் என்ன பதில் சொல்றார்ங்கறதுலயே ஆளு தேறுவாரான்னு தெரிஞ்சுடும். கோடையில சுட்டெரிக்கிற இடம்னா மேல நிழலுக்கு ஏதாவது இருக்கான்னும் பாத்துக்கணும். திறக்கிற மாடல்ல, கதவு மாதிரி வெளிய திறந்து ரப்பர் மேல அழுந்தி மூடுற கேஸ்மென்ட், ஸ்லைடிங்கை விட காத்தை நல்லா தடுக்கும். திறக்கவே வேண்டாத இடத்துல ஃபிக்ஸட் போட்டுடுங்க.

இப்ப இன்ஸ்டாலர். பழைய ஃப்ரேமை அப்படியே விட்டுட்டு அதுக்குள்ள புது ஜன்னலைச் சொருகறது ஒரு முறை, எல்லாத்தையும் சுவர் வரைக்கும் பேத்து எடுக்கறது இன்னொரு முறை. சொருகறது சீப், வேலையும் சீக்கிரம் முடியும், பழைய ஃப்ரேம் நல்லா இருந்து சுத்தி அடைப்பும் சரியா இருந்தா தப்பில்ல. ஆனா பல பழைய வீட்ல ஃப்ரேமைச் சுத்தி வெறும் பொந்துதான் இருக்கும், இல்ல கந்தல் மாதிரி கொஞ்சம் ஃபைபர் கிளாஸ் திணிச்சிருப்பாங்க, அடி மரம் ஊறிப் போயிருக்கும், அதையெல்லாம் மூடி வச்சுட்டு மேல புதுசை மாட்டி என்ன பிரயோஜனம்? எங்க வீட்டைப் பாக்க வந்தவங்கள்ல ஒருத்தர் மட்டும் உள்பக்க ட்ரிம்மை (ஜன்னலைச் சுத்தி இடுக்கை மறைக்கிற பட்டையை) கொஞ்சம் கழட்டிப் பாக்கலாமான்னு கேட்டார். மத்தவங்க டேப்பை வச்சு அளந்தாங்க, இன்னைக்கே கையெழுத்து போட்டா டிஸ்கவுண்ட்னாங்க. கழட்டிப் பாத்தவருக்கே வேலையைக் குடுத்தோம், அவர் கொட்டேஷன் கம்மியும் இல்ல.

அவர்கிட்ட நான் கேட்டதையே நீங்களும் கேளுங்க. இடைவெளியில என்ன ஃபோம் அடிப்பீங்க? ஜன்னலுக்குன்னே இருக்கிற கம்மியா விரியற ஃபோம்தான் வேணும், சாதா ஃபோம் விரிஞ்சு ஃப்ரேமையே வளைச்சுடும், அப்புறம் மூடவே மூடாது. கீழ தண்ணி வந்தா வெளிய போறதுக்கு சில் பேன், அதாவது ஜன்னலுக்கு அடியில ஒரு தட்டு, வைப்பீங்களா? மழை, காத்து எந்த ஜன்னல் வழியாவும் கொஞ்சம் உள்ள புகும்னு நினைச்சுதான் வேலை செய்யணும், அதனால வெளிப்பக்கம் அடியில முழுசா சீல் பண்ணி தண்ணியை உள்ளயே சிறை வைக்கக் கூடாது, உள்பக்கம்தான் காத்து போகாம இறுக்கமா இருக்கணும். அழுகின மரம் கிடைச்சா அதுக்கு எப்படி சார்ஜ், வேலைக்கு வர்றது உங்க ஆளா சப்காண்ட்ராக்டரா, லேபர் வாரண்டி எத்தனை வருஷம், எல்லாம் எழுத்துல வாங்கிடுங்க. கண்ணாடி கம்பெனி குடுக்கிற வாரண்டி மாட்டின வேலைக்கு வராது.

புது ஜன்னல் வந்தும் உள்பக்கம் வேர்க்குதுன்னா உடனே பயப்பட வேண்டாம், ரூம் 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்னா கண்ணாடி 7 டிகிரிக்கு கீழ போனாலே வேர்க்கும், முதல்ல வீட்டு ஈரப்பதத்தைக் குறைச்சுப் பாருங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஈரம் மங்கலா படிஞ்சா மட்டும் சீல் போச்சுன்னு அர்த்தம், அது வாரண்டி கேஸ். காலையில வெளிப்பக்கம் பனி படிஞ்சா சந்தோஷப்படுங்க, உங்க சூடு வெளிய போகலைன்னு அர்த்தம்.

கடைசி பேமெண்டை மட்டும் நல்லா காத்தடிக்கிற ஒரு குளிர் நாள் வரைக்கும் நிறுத்தி வைக்க முன்னாடியே பேசிக்குங்க. அன்னைக்கு ஒரு ஊதுவத்தியை ஏத்தி ட்ரிம் ஓரமா மெதுவா நகத்துங்க, புகை எங்க வளையுதோ அங்க மாஸ்கிங் டேப் ஒட்டி, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிடுங்க.