பரதராமிப் பக்கம் பாமாயில் மரம் வைக்குமுன்

எண்ணெய்ப் பனை என்பது அரசாங்கப் பேர். விவசாயிகள் வாயில் அது பாமாயில் மரம்தான். நட்டால் 25, 30 வருஷம் நிற்கும். பரதராமி, பேர்ணாம்பட்டு என்று ஆந்திர எல்லையோரமாக நிலம் பார்ப்பவர்கள், கன்றுக்கு மானியம் எவ்வளவு என்று கேட்கும் முன் பத்திரத்தைப் புரட்டுங்கள். கடலைக்கொல்லையில் வில்லங்கம் வந்தால் ஒரு போகம் போகும். இதில் போவது பாதி ஆயுசு.

இந்தப் பக்கத்துப் பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989இல் அது பிரிந்தது, 2019இல் வேலூரும் மூன்றானது. பேர் மாறியதால் ஒன்றும் கெட்டுவிடாது, சர்வே எண் மாறியதுதான் வம்பு. 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பிக்கும்) வேலைக்குப் பிறகு மூலப்பத்திரத்தில் ஒரு எண், பட்டாவில் வேறு எண் என்று பல இடங்களில் கிடக்கிறது. வில்லங்கச் சான்று இரண்டு எண்ணுக்கும் போட வேண்டும். புது எண்ணுக்கு மட்டும் போட்டால் பழைய அடமானம் கண்ணில் படாது. பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்று, கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். எல்லை தாண்டி சித்தூர் மாவட்டத்தில் வாங்கினால் கேட்க வேண்டியது 1-பி என்ற உரிமைப் பதிவு, அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கு. டி.கே.டி. பட்டா என்று யாராவது சொன்னால் அது அரசு ஒப்படைத்த நிலம். 1977ஆம் வருஷத்துச் சட்டம் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

அடுத்தது தண்ணீர். முக்கோண நடவில் 9 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 57 மரம். காய்க்கும் மரத்துக்கு நாளைக்கு 200 லிட்டர், கோடையில் இன்னும் மேலே. 5 ஏக்கருக்கு 57,000 லிட்டர். மும்முனை மின்சாரம் 6 மணி நேரம் வந்தால் போர் நிமிஷத்துக்கு 158 லிட்டர் தள்ள வேண்டும். மே மாசத்தில் அளந்து பாருங்கள், ஐப்பசியில் எல்லா போரும் நல்ல போர்தான். தண்ணீர் குறைந்தால் மரம் உடனே வாடிக் காட்டாது. ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து ஆண் பூப் பாளையாகத் தள்ளும், குலை இருக்காது. அப்போது உரக்கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

முதல் மூன்று வருஷம் வரும் பாளையைக் கிள்ளிவிட வேண்டும், மரம் பெருக்க. அதுவரை ஊடுபயிராகக் கடலை, வாழை போடலாம். ஆனால் சித்தூர் பக்கத்துக் கவுண்டின்யா சரணாலயக் காட்டு யானைகள் இறங்கும் ஊரென்றால் வாழை வைப்பது விருந்துக்கு அழைப்பு. இளங்கன்றின் குருத்தையும் அவை விடாது. குருத்து போனால் கன்றே போச்சு, பக்கத்தில் வேறு துளிர்க்காது.

அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தள்ளிப்போனால் பழத்துக்குள்ளேயே எண்ணெய் புளித்து அமிலம் ஏறும். 10, 12 நாளைக்கு ஒருமுறை அறுப்பு. எனவே குலை வாங்கும் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன் குலை சேகரிக்கும் இடம் எங்கே, லாரி வாடகை யார் தலையில், ஒரு லோடு சேராத வாரத்தில் எடுப்பார்களா என்று எழுதி வாங்குங்கள்.