மேஜிக் ஷோவுக்கு ஆள் பிடித்த கதை

கோவையில் குழந்தைகளுக்கு மேஜிக் ஷோ செய்கிறேன். மேனேஜர், ஏஜென்சி என்று யாரும் கிடையாது. பெட்டி தூக்குவது, பில் போடுவது, ஆள் பிடிப்பது எல்லாம் நானேதான். மேடையில் நிற்கிற முக்கால் மணி நேரம் சுகமானது. அந்த மேடை கிடைக்கிற வரைக்கும் நடப்பதுதான் வேலை.

ஆரம்பத்தில் காசு கட்டி ஒரு விளம்பரத் தளத்தில் பெயரைப் பதிந்தேன். போன் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே நம்பர் ஊரில் இருக்கிற மற்ற மேஜிக்காரர்களுக்கும் போகும். நான் கூப்பிடுவதற்குள் அந்த வீட்டுக்காரர் மூன்று ரேட் கேட்டு முடித்திருப்பார். அப்புறம் எங்கே கலையைப் பற்றிப் பேசுவது?

கொஞ்ச நாள் கழித்துத்தான் வரிசை புரிந்தது. பிறந்தநாள் வைக்கிறவர் முதலில் ஹாலைப் பிடிப்பார், அப்புறம் சாப்பாடு, அப்புறம் டெகரேஷன், கேக். எல்லாம் முடிந்த பிறகு "குழந்தைங்களுக்கு ஏதாவது வைக்கணுமேங்க" என்ற பேச்சு வரும்போது, எதிரில் நிற்பவர் அளவெடுக்க வந்த டெகரேஷன்காரர். அதனால் நான் வாடிக்கையாளரைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, டெகரேஷன்காரர்களையும் போட்டோகிராபர்களையும் மண்டப மேனேஜர்களையும் தேட ஆரம்பித்தேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. மண்டபத்து ஆட்கள் உட்கார்ந்து டீ குடித்துப் பேச நேரம் வைத்திருப்பது அப்போதுதான். முகூர்த்த நாளில் போய் விசிட்டிங் கார்டை நீட்டினால் அது வாழைக்கட்டோடு குப்பைக்குப் போகும்.

அவர்களுக்குக் கமிஷன் உண்டு. ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை. ஷோ முடிந்த மறுநாள் காலையில் கூகுள் பேயில் அனுப்பிவிடுவேன், அவர்களைக் கேட்க வைப்பதில்லை. ஒருவர் தந்த வேலையில் வந்த விருந்தாளி என் நம்பரைக் கேட்டு அடுத்த புக்கிங் வந்தால், டெகரேஷனுக்கு அந்த முதல் வேலையைத் தந்தவரையே சொல்வேன்.

போன் வந்ததும் முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்றுதான் இருக்கும். நான் முதலில் தேதி, இடம், எத்தனை குழந்தைகள், என்ன வயது என்று கேட்டுக்கொள்வேன். மூன்று வயதுக் கூட்டத்துக்குச் சீட்டுக்கட்டு வித்தை செய்தால் பாதிப் பேர் பலூன் பக்கம் ஓடிவிடுவார்கள். ரேட் பேசுவது பெரும்பாலும் அப்பா. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அம்மா. அதனால் ஒரு நிமிட வீடியோவை அனுப்பி, "வீட்ல காட்டுங்க சார்" என்று சொல்லிவிடுவேன். அந்த வீடியோவில் தெரிகிற குழந்தைகளின் பெற்றோரிடம் முன்பே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். இது தெரியாமல் ஸ்டேட்டஸில் போட்டுச் சண்டை வாங்கிக்கொண்டவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள்.

அப்புறம் பின்தொடர்வது. அன்றைக்கே ரேட்டை எழுத்தில் அனுப்பிவிடுவேன். ரெண்டு மூன்று நாள் கழித்து ஒரு தடவை கூப்பிடுவேன், ஆனால் வெறுமனே "என்னங்க ஆச்சு?" என்று கேட்பதில்லை. மைக் ஹாலில் இருக்கிறதா, கேக் வெட்டுவதற்கு முன்பா பின்பா என்று கேட்கக் கையில் ஒரு விஷயம் இருக்கும். அதற்குப் பதில் சொல்கிறவர் பாதி முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு மெசேஜ்: "வேண்டாம்னாலும் சொல்லிடுங்க, தேதியை விட்டுடறேன்." இதற்குத்தான் அதிகம் பதில் வரும். அட்வான்ஸ் வராமல் தேதி பிடித்து வைப்பதில்லை, சொந்தக்காரர் என்றாலும். அதே தேதியை வேறொருவர் கேட்கிறார் என்று பொய் சொல்லி நெருக்குவது எனக்குப் பிடிக்காது. இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் வசதி இருக்கிறது. விசாரித்தவர், ரேட் அனுப்பியது, அட்வான்ஸ் வந்தது என்று பிரித்து வைத்தால் போதும், தனி ஆப் தேவையில்லை. ஒரே மெசேஜைப் பல பேருக்கு ஒன்றாக அனுப்புகிற பிராட்காஸ்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். நம் நம்பரை அவர்கள் சேமித்து வைத்திருந்தால்தான் அது போய்ச் சேரும்.

பள்ளிகளின் கணக்கு வேறு. நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு நவம்பரில் போய் நின்றால் இடம் இருக்காது. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அக்டோபர் வாரம்தான் சரியான நேரம், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பேசுவது பி.டி. சாராக இருக்கும், பணத்துக்குத் தலையாட்டுவது பள்ளியை நடத்துகிற கரெஸ்பாண்டென்ட். ரெண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரு பக்கக் கடிதம் கொடுத்து வைப்பேன்.

கம்பெனி பேமிலி டேவில் பணம் நன்றாக வரும், ஆனால் மெதுவாக வரும். கூப்பிட்டது எச்.ஆர். என்பதால் பணத்துக்கும் எச்.ஆரையே துரத்துவோம். அவர்கள் கையில் ஒன்றுமில்லை, அக்கவுன்ட்ஸ் ஆள் நம்பரை ஷோ நாளன்றே வாங்கிவிட வேண்டும். பில்லில் பி.ஓ. நம்பர், அதாவது கம்பெனி தருகிற பர்ச்சேஸ் ஆர்டர் எண், இல்லையென்றால் அது மேஜையிலேயே கிடக்கும். டி.டி.எஸ்., அதாவது நம் பெயரில் கட்டுகிற வருமான வரியை, பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கு வைத்தால் 10 சதவீதம், ஒப்பந்த வேலை என்றால் தனி ஆளுக்கு 1 சதவீதம். எந்தக் கணக்கு என்று முன்பே கேட்டுக்கொண்டு, பிடித்த பணம் நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சிறு தொழில்களுக்கு அரசு தருகிற உத்யம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அரசுத் தளத்தில் இது இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் அது வேறு யாரோ. பதிவு இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. பில்லின் கீழே அந்த எண்ணை அச்சிட்ட பிறகு அக்கவுன்ட்ஸ்காரர்களே போனை எடுக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் சுலபமானது பழைய வீடுகள். குழந்தையின் பிறந்தநாள் தேதி நம் கையில் இருக்கிறது. ஒரு மாதம் முன்பே வாழ்த்தி ஒரு மெசேஜ் போடுவேன். முதல் பிறந்தநாளைப் பெரிதாக வைத்தவர்கள் அடுத்த ரெண்டு வருஷம் வீட்டிலேயே முடித்துவிடுவார்கள், அப்போது "சரிங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். நானும் அந்த வீட்டை அடுத்த வருஷத்துப் பட்டியலுக்கு மாற்றிவிடுவேன். ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பெரும்பாலும் அவர்களே கூப்பிடுவார்கள்.