நானா, கரண்டா?

எங்கள் பிசியோதெரபி அறையில் ஒரு கரண்ட் பெட்டி இருக்கிறது. நரம்புக்கு இலேசாகக் கரண்ட் கொடுத்துத் தசையை அசைக்கிற பெட்டி. சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். இரண்டு சோடி வயர், ஒரு திருகி, கையில் பிடித்து அழுத்த ஒரு பொத்தான். திருகோணமலையில் நான் வேலை பார்க்கும் இந்த 14 வருடத்தில் அதற்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. முக்கால் மணி நேரம் காலைப் பிடித்து மாரடித்துவிட்டு நிமிர்ந்தால், "மிஸ், இண்டைக்குக் கரண்ட் வைக்கேல்லையா?" என்பார்கள்.

அந்தப் பெட்டியால் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

நகருக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். சிலிண்டரோடு ஆழத்துக்குப் போய்வருவது அவனுக்கு ஒரே நாளில் பல தடவை நடக்கிற வேலை. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடும். ஆறுதலாக மேலே வந்தால் அது மூச்சோடு போய்விடும். அவசரப்பட்டால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழியாகும். முள்ளந்தண்டு வடத்தில் அந்தக் குமிழிகள் செய்கிற வேலைதான் பொல்லாதது. அவனுக்குப் படகிலேயே கால்கள் மரத்துவிட்டன. களைப்பு என்று நினைத்துப் படுத்திருக்கிறான். எழும்ப முடியவில்லை.

என்னிடம் வரும்போது சில மாதங்கள் கழிந்திருந்தன. இடது கால் ஓரளவு திரும்பியிருந்தது. வலது தொடையைத் தூக்குவான், ஆனால் பாதம் மட்டும் தொங்கும். வோக்கரைப் பிடித்து நடந்தால் பெருவிரல் சீமெந்துத் தரையில் உரசிக்கொண்டே வரும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாகத் தடவினால் ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். பாதத்தை உயர்த்தும் நரம்பு அந்த இடத்தில் தோலுக்கு மிகவும் கிட்ட ஓடுகிறது. அங்கே பெட்டியின் வயரில் உள்ள ஒரு பட்டையை ஒட்டி, முன்கால் தசையில் இன்னொன்றை ஒட்டித் திருகியைத் திருகினேன். கச்சான் காற்று வீசுகிற காலம். வியர்வையில் பட்டை இரண்டு தடவை கழன்றது. மூன்றாம் தடவை பாதம் மெல்ல எழுந்து நின்றது.

அவனுடைய அம்மா "கோணேசா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் முழங்காலில் காயத்தோடு வந்தான். பாதம் 'வந்துவிட்டது' என்ற நம்பிக்கையில் விடியற்காலை வோக்கர் இல்லாமல் எழுந்து நடந்திருக்கிறான். காயத்துக்கு மருந்து கட்டும்போது கேட்டான்:

"மிஸ், நேற்றுத் தூக்கினது நானா, கரண்டா?"

கரண்ட்தான் என்றேன். அவன் அதற்குப் பிறகு அன்று பேசவில்லை.

முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். மூளையிலிருந்து காலுக்கு வரும் பாதை முள்ளந்தண்டில் பழுதாகியிருக்கிறது. அதற்குக் கீழே, வடத்திலிருந்து தசைவரை உள்ள துண்டு நன்றாக இருக்கிறது. பெட்டி அந்தக் கீழ்த் துண்டைத்தான் தட்டி எழுப்புகிறது, மேலே உள்ள ஆளுக்கு அதில் பங்கே இல்லை. இதற்கு நேரெதிரான ஒருவரும் எங்களிடம் வந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் விழுந்து, தோளடியில் நரம்பே பிய்ந்துபோன இளைஞர். கீழ்த் துண்டே இல்லாததால் அதே பெட்டி அவர் கையை அசைக்கவில்லை. மிஷின் பழுது என்று வீட்டார் என்னோடு சண்டைக்கு வந்தார்கள்.

தொங்கும் பாதத்தைக் கரண்டால் தூக்குவது புதிய வித்தையும் இல்லை. 1961இல் லிபர்சன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் சப்பாத்தின் குதியில் ஒரு சுவிட்சை வைத்தார்கள். குதி தரையைவிட்டு எழும்போது கரண்ட் பாயும், பாதம் உயரும். குதி ஊன்றியதும் நின்றுவிடும். எங்களிடம் அந்தச் சப்பாத்து இல்லை. குதியைப் பார்த்துப் பொத்தானை அழுத்த என் பெருவிரல்தான் இருந்தது.

அந்த வாரம்தான் சுவிஸில் இருக்கும் சித்தப்பா அவனுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கால் இயங்காமல் இருந்த ஒருவர் மூளையில் மிஷின் வைத்து நடக்கிறார். "நான் கூப்பிடவா எண்டு சித்தப்பா கேக்கிறார், மிஸ்."

இப்படி வீடியோவோடு வருகிறவர்களை நான் வழக்கமாக நழுவ விடுவேன். "அது வெளிநாட்டில" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இந்த முறை முழங்கால் காயம் உறுத்தியதால் இரவு இருந்து வாசித்தேன்.

வீடியோவில் நடந்தவர் நெதர்லாந்துக்காரர், பெயர் கெர்ட்-யான் ஓஸ்கம். 2011இல் சைக்கிள் விபத்தில் கழுத்தருகே முள்ளந்தண்டு வடம் அடிபட்டது. ஆனால் வடம் முழுதாக அறுபடவில்லை. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் கூர்த்தீன், புளோக் என்ற ஆய்வாளர்களின் குழு அவருடைய மூளையின் மேற்பரப்பில் இரண்டு உணரிகளையும், இடுப்பருகே முள்ளந்தண்டு வடத்தின் மீது ஒரு தூண்டியையும் வைத்தது. நடக்க நினைக்கும்போது மூளையில் எழும் சமிக்ஞையைக் கணினி வாசித்துத் தூண்டிக்கு அனுப்புகிறது. பழுதான இடத்தைச் சுற்றி ஒரு மாற்றுவழி போட்ட மாதிரி. 2023 மே மாதம் வெளியான செய்தி இது. பயிற்சிக்குப் பிறகு, மிஷினை நிறுத்திவிட்டும் ஊன்றுகோலோடு அவரால் நடக்க முடிந்தது.

என்னை நிமிர வைத்தது வேறொன்று. மூளையில் உணரி வைப்பதற்கு முன்பே சில வருடங்கள் அவருக்கு முள்ளந்தண்டுத் தூண்டல் மட்டும் இருந்திருக்கிறது. முன்பு தூண்டல் தன்னை ஆட்டுவித்தது, இப்போது தான் தூண்டலை ஆட்டுவிப்பதாக அவர் சொல்லியிருந்தார். மருந்து கட்டும்போது தம்பி கேட்ட அதே கேள்வி! அவனுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். சித்தப்பா கேட்டதற்கு, அது இன்னும் ஆராய்ச்சி, டிக்கெட் போட்டுப் போய்ச் செய்துகொள்கிற வைத்தியம் இல்லை என்று சொன்னேன். முகம் வாடத்தான் செய்தது.

அப்புறம் பொத்தானை அவன் கையில் கொடுத்தேன். ஒரே ஒரு சட்டம்: முதலில் பாதத்தைத் தூக்கப் பார், பிறகு அழுத்து. எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. ஆனால் முதல் இரண்டு நாளும் அழுத்திவிட்டுத்தான் தூக்கப் பார்த்தான். கரண்ட் வந்தால் தசை வேலை செய்யும், ஆள் சும்மா இருந்துவிடுவார். அதோடு கரண்ட், சீக்கிரம் களைக்கிற பெரிய தசைநார்களையும் தொடக்கத்திலேயே எழுப்பிவிடும். நாம் இயல்பாக அசைக்கும்போது அவை கடைசியில்தான் வரும். பத்து நிமிடத்தில் பாதம் கருவாடு மாதிரிக் கிடக்கும். அதனால் பொத்தானை ஒரு தடவைகூட வீணாக அழுத்த முடியாது.

பயிற்சி கொடுக்கிற ரோபோ எனக்கு வேண்டாம் என்றில்லை. தந்தால் இரு கையாலும் வாங்குவேன். ஆனால் பிரித்தானியாவில் 770 பக்கவாத நோயாளிகளை வைத்துச் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோ உதவியோடு கைக்குப் பயிற்சி செய்தவர்களுக்கு வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கைப் பயன்பாடு கூடவில்லை. அதை வாசித்தபோது எனக்குள் ஒரு அற்ப சந்தோசம் வந்தது உண்மை.

ஐந்தாவது கிழமையில் ஒரு நாள் அவன் பொத்தானை அழுத்த மறந்துபோனான். முன்கால் தசை ஒரு தடவை புடைத்து அடங்கியது. பாதம் எழவில்லை, பெருவிரல் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பழைய பிழை ஞாபகம் இருந்தது. அவனே கேட்டான், "இது?"

"இது நீதான். ஆனா வோக்கரை விடாத."

அதற்குப் பிறகு பெட்டியின் வயர் உள்ளே அறுந்து, திருத்தப் போய் இரண்டு மாதம் வரவில்லை. பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டி அவனுக்குத் தோலை உரசிப் புண்ணாக்கியது. உணர்ச்சி குறைந்த கால், நோகாது, அதனால் தெரியாது. சைக்கிள் டியூப்பில் ஏதாவது செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவனே ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். கணுக்காலில் துணிப் பட்டி, அதிலிருந்து சப்பாத்தின் முனைக்கு அகலமான கறுப்பு ரப்பர். இழுவை கச்சிதம். தோலைச் சோதித்தேன், எங்கும் சிவக்கவில்லை. ரப்பர் எங்கே எடுத்தது என்று கேட்டேன். சுழியோடும்போது காலில் மாட்டுகிற துடுப்பின் பட்டியாம்.

"அப்ப துடுப்பை வெட்டிப்போட்டியா?"

"ஒண்டைத்தான் மிஸ்," என்றான். "மற்றது வீட்டில தொங்குது."