‘சி’ எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தால்

சீரியல் டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்ததும், திரையில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக விழ ஆரம்பித்தால், வேலைக்குப் புதியவர்கள் போர்டு போயிற்று என்று முடிவு கட்டிவிடுவார்கள். கெட்ட செய்திகளிலேயே நல்ல செய்தி அதுதான். சிப் உயிரோடு இருக்கிறது, கிரிஸ்டல் ஓடுகிறது, சீரியல் வயரும் சரியாக மாட்டப்பட்டிருக்கிறது. ஏற்றிக்கொள்ளத் தகுந்த நிரல் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. சீரியல் வயர் வழியே பைல் அனுப்பும் எக்ஸ்மோடம் முறையில் ‘வாங்கத் தயார், அனுப்பு’ என்று கேட்கிற எழுத்து அந்த ‘சி’. முற்றிலும் மௌனமான போர்டைவிட, கேட்டுக்கொண்டிருக்கும் போர்டு எவ்வளவோ மேல்.

பீகிள்போன் பிளாக் என்ற சிறிய கணினிப் போர்டில், கெர்னலை ஏற்றித்தரும் யூ-பூட் என்ற பூட்லோடரை ஏற்றுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 2013-இல் வந்த போர்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் குடும்பச் சிப், 512 எம்பி டிடிஆர்3, சி ரிவிஷனில் போர்டிலேயே பதித்த 4 ஜிபி ஈஎம்எம்சி ஸ்டோரேஜ். பழைய போர்டுதான். ஆனால் அதன் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்துச் சொந்தப் போர்டு செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூட்லோடர் வேலையைப் பழக இதைவிடத் தோதான போர்டு குறைவு.

இந்த வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கோடில் இருப்பதில்லை, இடத்தில் இருக்கும். பூட் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்தது எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு விலாசம்தான் தெரியும். விலாசம் தப்பினால் கடிதம் சேராது. எழுதியவருக்கும் தகவல் வராது.

முதல் கண்ணி சிப்புக்குள்ளேயே பதிக்கப்பட்ட பூட் ரோம். வெளியே என்ன டிடிஆர் மெமரி ஒட்டியிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. சிப்பின் உள் ரேம் மட்டுமே அதன் கையில் இருக்கிறது. அதில் ஏற்றக்கூடிய நிரலின் உச்சவரம்பு 109 கேபி. முழு யூ-பூட் அதற்குள் அடங்காது. அதனால்தான் பில்டு இரண்டாக உடைகிறது. எம்எல்ஓ என்ற பெயரில் வரும் எஸ்பிஎல் என்ற சிறிய முன்னோடி நிரல், உள் ரேமில் ஓடி, டிடிஆரை எழுப்பி, பெரிய யூ-பூட்டைக் கொண்டுவந்து வைக்கிறது. எஸ்பிஎல்லில் டீபக் செய்திகளையும் கூடுதல் டிரைவர்களையும் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டே போனால் இந்த 109 கேபி வரம்பில்தான் போய் முட்டும். நல்லவேளையாக, அது பில்டின் கடைசியில் லிங்கர் பிழையாகவே வந்துவிடும்.

எஸ்டி கார்டிலோ ஈஎம்எம்சியிலோ ரோம் தேடும் இடங்கள் திட்டவட்டமானவை. 0, 128, 256, 384 கேபி ஆகிய நான்கு இடங்களில் சரியான ஹெட்டர் (நிரலின் தலையில் இருக்கும் அடையாளத் தகவல்) இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிளில் ‘ஆக்டிவ்’ என்று குறித்த ஃபேட் பார்ட்டிஷனில், எம்எல்ஓ என்ற பெயரில் ஒரு பைலைத் தேடும். ஃபேட் வழி கண்ணுக்குத் தெரிவதால் பலருக்கும் பிடிக்கிறது. ‘ஆக்டிவ்’ என்று குறிக்கும் பூட் கொடியைப் போட மறப்பதும், எம்பிஆருக்குப் பதில் ஜிபிடி வகை டேபிள் போட்டுவிட்டு ரோம் அதைப் படிக்கும் என்று காத்திருப்பதும் அந்த வழியின் வழக்கமான சறுக்கல்கள். நேரடியாக 128 கேபியில் எழுதுவதுதான் சுத்தமான வழி. பார்ட்டிஷன் டேபிள் எந்த வகையாக இருந்தாலும் அது ஒத்துப்போகும். யாராவது தெரியாமல் பைலை அழித்துவிடும் பயமும் இல்லை.

பில்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹார்டு ஃப்ளோட் 32 பிட் ஆர்ம் கிராஸ் கம்பைலர், பைசன், ஃப்ளெக்ஸ், ஓபன்எஸ்எஸ்எல்லின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இவைதான் முக்கியமாக வேண்டும். ஏஎம்335எக்ஸ் ஈவிஎம் என்ற டிஃப்கான்ஃபிகை (ஆயத்தமாக வரும் அமைப்புப் பைலை) தேர்ந்தெடுத்து மேக் கொடுத்தால் சில நிமிடங்களில் எம்எல்ஓவும் யூ-பூட் இமேஜும் கைக்கு வரும். கிராஸ் கம்பைலரின் முன்னொட்டைக் கொடுக்கும்போது கடைசியில் உள்ள ஹைஃபனை விட்டுவிட்டால் கம்பைலரே இல்லை என்று வரும். முன்னொட்டையே கொடுக்க மறந்தால், மேசைக் கணினியின் கம்பைலர் ஆர்ம் ஆப்ஷன்களைப் பார்த்துத் திட்டும். வேறொரு போர்டுக்குப் பில்டு செய்த அதே டைரக்டரியில் தொடர்வதாக இருந்தால், முதலில் டிஸ்ட்கிளீன் போட்டுப் பழைய பில்டின் மிச்சங்களைத் துடைப்பது நல்லது.

எழுதும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். எஸ்பிஎல் தன் அடுத்த கண்ணியைத் தேடுவது ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 300-ஆவது செக்டரில். அதாவது 768 செக்டர், செக்டருக்கு 512 பைட், ஆக 384 கேபி. இந்த எண்ணை வைத்து டிஸ்கில் நேரடியாக எழுதும் ஒரு டிடி கட்டளை பல வருடங்களாகக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது: பிளாக் அளவு 384 கேபி, சீக் 1, கவுன்ட் 2. பிளாக் அளவையே விலாசமாகப் பயன்படுத்தும் சாமர்த்தியம் அது. ஒரு பிளாக் தாண்டி எழுதினால் சரியாக 384 கேபியில் போய் விழும். கோளாறு அந்த ‘கவுன்ட் 2’-இல் இருக்கிறது. இரண்டு பிளாக் என்றால் 768 கேபிதான். கட்டளை பிறந்த காலத்தில் யூ-பூட் இமேஜ் அதற்குள் அடங்கியது. இன்றைய பதிப்புகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். டிடி பிழை எதுவும் சொல்லாமல், கேட்ட இரண்டு பிளாக்கை எழுதிவிட்டு நிம்மதியாக முடிந்துவிடும். பைலின் வால் வெட்டுப்பட்டிருக்கும். டிவைஸ் ட்ரீக்கள் (போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று சொல்லும் விவரங்கள்) பெரும்பாலும் அந்த வாலில்தான் இருக்கின்றன. இன்னும் மோசம், அந்த இடத்தில் போன பதிப்பின் வால் மிச்சமிருந்தால் பாதி புதியது, பாதி பழையது என்று ஓடும் கலவை. எஸ்பிஎல் அழகாகத் தன் வரியை அச்சிடும், அதற்குப்பின் ஒன்றும் வராது. அல்லது வரும், விசித்திரமாக. கவுன்ட்டை எடுத்துவிட்டு முழு பைலையும் எழுதவிடுவதே சரி.

அப்படி முழுவதும் எழுதும்போது அடுத்த கணக்கும் பார்க்க வேண்டும். முதல் பார்ட்டிஷன் 1 எம்பியில் தொடங்குகிறது என்றால், 384 கேபியிலிருந்து அதுவரை 640 கேபி இடம்தான் இருக்கிறது. பூட்லோடரை எழுதிய பிறகு பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் யூ-பூட்டின் வால் போகும். வரிசையை மாற்றினால் ஃபைல் சிஸ்டத்தின் தலை போகும். முதல் பார்ட்டிஷனை 4 எம்பியில் தொடங்கினால் இந்தத் தலைவலி இல்லை. எழுதி முடித்ததும், மிச்சத்தையும் கார்டுக்கு அனுப்பிவிடும் சிங்க் கட்டளையைக் கொடுக்காமல் கார்டை உருவுவதும் இதே வகைக் கோளாறைத் தரும். எந்த டிஸ்க் என்று தெரிந்துகொள்ள, கார்டைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, புதிதாக வந்த பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் விரல் தானாக அடிக்கும் டிஸ்க் பெயரை நம்பவே கூடாது.

இனி போர்டு. சீரியல் இணைப்புக்கு ஜே1 என்ற ஆறு பின் ஹெட்டர் இருக்கிறது: முதல் பின் கிரவுண்ட், நான்காவது ஆர்எக்ஸ் (போர்டு வாங்குவது), ஐந்தாவது டிஎக்ஸ் (போர்டு அனுப்புவது). லெவல் 3.3 வோல்ட், வேகம் 115200. 5 வோல்ட் லெவலில் ஓடும் சீரியல் அடாப்டரை மாட்டாதீர்கள். அந்த அடாப்டரின் சிவப்பு பவர் வயரையும் இங்கே மாட்ட வேண்டாம்.

எதுவும் அழுத்தாமல் பவர் கொடுத்தால் ரோம் முதலில் ஈஎம்எம்சியைப் பார்க்கும், பிறகு எஸ்டி கார்டு, அதன்பின் சீரியல், கடைசியாக யுஎஸ்பி. எஸ்2 பொத்தானை அழுத்திக்கொண்டு பவர் கொடுத்தால் வரிசை மாறும்: எஸ்பிஐ ஃப்ளாஷ் மெமரி, எஸ்டி கார்டு, யுஎஸ்பி, சீரியல். பொத்தானின் நிலையைச் சிப் பார்ப்பது பவர் வரும் கணத்தில் மட்டும். ரீசெட் பொத்தானைத் தட்டிக்கொண்டே எஸ்2-வை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் மாறாது. வயரைப் பிடுங்கித்தான் செருக வேண்டும்.

இங்கேதான் அரை நாள் வேலையைத் தின்னும் குழப்பம் பதுங்கியிருக்கிறது. கார்டில் புதிய யூ-பூட், ஈஎம்எம்சியில் ஃபேக்டரியிலிருந்து வந்த பழையது. எஸ்2 அழுத்தாமல் பவர் கொடுத்தால் ஓடுவது பழைய யூ-பூட். அது கார்டு இருப்பதைப் பார்த்து, அதிலிருந்து கெர்னலையும் ஏற்றிவிடும். எல்லாம் கார்டிலிருந்தே வந்ததுபோலத் தோன்றும். செய்த மாற்றம் எதுவும் வேலை செய்யவில்லை என்று கோடைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். எஸ்பிஎல்லும் யூ-பூட்டும் தனித்தனியாகப் பதிப்பு எண்ணையும் பில்டு தேதியையும் அச்சிடுகின்றன. அந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொரு முறையும் படித்தாக வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். யாக்டோ போன்ற பில்டு அமைப்புகள் தேதியை ஒரே நாளில் நிறுத்திவைக்கக்கூடும் என்பதால், கிட் கமிட்டின் குறியீடு பதிப்புப் பெயரில் வரும்படி வைப்பது இன்னும் உறுதி. அதில் ‘டர்ட்டி’ என்று ஒட்டியிருந்தால், கமிட் செய்யாத மாற்றத்தோடு பில்டு செய்தது என்று பொருள். அந்த பைனரியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் எஸ்2 அழுத்துவது சலிப்பாக இருந்தால், ஈஎம்எம்சியில் 128 கேபி இடத்திலிருந்து ஒரு 128 கேபி பிளாக்கைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடலாம். வேறு எங்கும் எம்எல்ஓ இல்லையென்றால் ரோம் தானாகவே கார்டுக்கு வந்துவிடும். பார்ட்டிஷன் டேபிளும் தப்பும். முதல் 1 எம்பியை முழுவதுமாக அழிப்பவர்கள் டேபிளையும் சேர்த்து அழிக்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சிப்பின் மேனுவலில் எஸ்டி கார்டு எம்எம்சி 0, ஈஎம்எம்சி எம்எம்சி 1. யூ-பூட் கட்டளை வரியிலும் அப்படியே. எஸ்பிஎல் அச்சிடும் செய்தியில் மட்டும் எஸ்டி கார்டு எம்எம்சி1, ஈஎம்எம்சி எம்எம்சி2. ‘எம்எம்சி1-இலிருந்து பூட் செய்ய முயல்கிறேன்’ என்ற வரியைப் பார்த்து ஈஎம்எம்சியைச் சந்தேகப்பட்டால் தவறான கதவைத் தட்டுகிறீர்கள்.

சொந்தப் போர்டு செய்தவர்களுக்கு வரும் முதல் அடி வேறு. பீகிள்போனில் பவர் போனாலும் அழியாத ஒரு சிறிய ஈஈப்ராம் மெமரி இருக்கிறது. ஐ-ஸ்கொயர்-சி முகவரி ஹெக்ஸில் 50. போர்டின் அடையாளம் அதில் எழுதப்பட்டிருக்கும். எஸ்பிஎல் அதைப் படித்துத்தான் எந்தப் போர்டு, எந்த டிடிஆர் டைமிங், எந்தப் பின்மக்ஸ் (சிப்பின் எந்தப் பின்னுக்கு எந்த வேலை) என்று முடிவு செய்கிறது. சர்க்யூட்டை அப்படியே எடுத்து, அசெம்ப்ளி முடிந்து வந்த புதுப் போர்டில் ஈஈப்ராம் வெறுமையாக இருக்கும். எஸ்பிஎல் ‘தெரியாத போர்டு’ என்று சொல்லி நின்றுவிடும். சீரியல் தயாராவதற்கு முன்பே நின்றால் அந்த வரிகூட வராது. சால்டரிங் சரியில்லை என்று அசெம்ப்ளிக்காரரோடு சண்டை பிடிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். ஈஈப்ராமில் அடையாளத்தை எழுதலாம். அதற்கு முன், எழுதுவதைத் தடுக்கும் ரைட் புரொடெக்டை நீக்கியிருக்க வேண்டும். ஈஈப்ராம் தேவையில்லை என்றால், போர்டு கோடில் அந்தச் சோதனையை எடுத்துவிட்டு உங்கள் மதிப்புகளை நேராக எழுதுவதே நேர்மையான வழி. வேறு போர்டின் அடையாளத்தைக் கடன் வாங்கினால், மெமரி சிப் மாறும் நாளில் திரும்ப வந்து கடிக்கும். டிடிஆர் மதிப்புகள் டிரேஸ் நீளத்தையும் சிப்பையும் பொறுத்தவை. காலையில் ஓடி, போர்டு சூடானதும் கெர்னலை அவிழ்க்கும்போது தொங்கினால், முதல் சந்தேகம் அங்கே போகட்டும்.

‘சிஆர்சி சரியில்லை, இயல்பான என்விரான்மென்ட்டைப் பயன்படுத்துகிறேன்’ என்ற எச்சரிக்கைக்கு யாரும் பயப்பட வேண்டாம். யூ-பூட்டின் அமைப்பு மதிப்புகள் எதையும் இன்னும் சேமிக்கவில்லை என்பதுதான் பொதுவாக அதன் பொருள். பயப்பட வேண்டியது எதனோடும் இணையாமல் மிதக்கும் ஆர்எக்ஸ் பின்னுக்கு. சொந்தப் போர்டில் அந்தப் பின்னுக்குப் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாவிட்டால், இரைச்சலை விசை அழுத்தலாக எடுத்துக்கொண்டு யூ-பூட் தன் கட்டளை வரியிலேயே நின்றுவிடும். மேசையில் கேபிள் மாட்டியிருக்கும்வரை வராது, கேபிளைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தபின் வரும். விசைக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் ‘பூட்-டிலே’ மதிப்பை 0 ஆக்கினாலும் விசை இருக்கிறதா என்று யூ-பூட் ஒருமுறை பார்க்கும். மைனஸ் 2 கொடுத்தால்தான் பார்க்கவே பார்க்காது. ஆனால் அதைக் கொடுத்தபின் நீங்களும் உள்ளே நுழைய முடியாது என்பதால், வேறு வழியை முதலில் திறந்து வையுங்கள்.

அந்த வேறு வழி, தொடக்கத்தில் பார்த்த ‘சி’ எழுத்துதான். கார்டு ஸ்லாட்டே இல்லாத போர்டையும் அதன் வழியாக மீட்கலாம். எக்ஸ்மோடம் முறையில் எஸ்பிஎல் டைரக்டரியில் உள்ள, ‘.பின்’ என்று பெயர் முடியும் பைனரி பைலை அனுப்ப வேண்டும். எம்எல்ஓவை அனுப்பக் கூடாது. அதன் தலையில் உள்ள ஹெட்டர், சீரியல் வழியில் நேரடியாகக் கட்டளையாக ஓட்டப்பட்டு மௌனம்தான் மிஞ்சும். 100 கேபி போகப் பத்து விநாடி. எஸ்பிஎல் ஓட ஆரம்பித்ததும் இரண்டாவது முறையாக ‘சி’ வரும். இப்போது கேட்பது எஸ்பிஎல், முறை எக்ஸ்மோடத்தின் உறவான ஒய்மோடம், அனுப்ப வேண்டியது யூ-பூட் இமேஜ். கான்ஃபிகில் ஒய்மோடம் ஆதரவு சேர்ந்திருக்க வேண்டும். 1 எம்பிக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். யூ-பூட் வந்துவிட்டால், அங்கிருந்தே ஈஎம்எம்சியில் எழுதிவிடலாம்: எம்எல்ஓ ஹெக்ஸ் 100-ஆவது செக்டரில், யூ-பூட் ஹெக்ஸ் 300-ஆவது செக்டரில். 256 கேபியில் எம்எல்ஓவின் இன்னொரு நகலையும் வைத்தால், 128 கேபி இடத்தின் ஹெட்டர் கெட்டாலும் ரோம் அடுத்ததை எடுத்துக்கொள்ளும்.

எழுதியதைத் திரும்பப் படித்து, மூலப் பைலோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். பிறகு கார்டை எடுத்துவிட்டு, யுஎஸ்பி வயரையும் கழற்றி, 5 வோல்ட் அடாப்டரை மட்டும் மாட்டி, அந்த இரண்டு தேதி வரிகளும் வருகின்றனவா என்று பாருங்கள்.